முன்னறையும் மூன்று வயரும்

முன்னறையை மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை என்று சபதம் எடுத்தேன். மாரண்டஹள்ளி மார்க்கெட்டில் மூட்டை தூக்கி, நாலு பேரிடம் ஏமாந்து, அப்புறம் யாரிடமும் ஏமாறாமல், தக்காளி வியாபாரியாகிக் கட்டிய வீடு. காற்று வருவது அந்த ஒரே அறையில்தான். மதியம் என் கட்டில் அங்கேதான். அதில் மூன்று பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து இறக்கிவிட்டாள் என் மனைவி வெண்மதி. பட்டா, சிட்டா எடுத்துக்கொடுக்கும் சென்டராம்!

"மூணுலயும் நெட்டு வரணும். ஒண்ணு படுத்தாலும் எல்லாத்தையும் தூக்கி வாசல்ல வெச்சிருவேன்!" என்று கத்தினேன்.

"வந்துட்டா?"

"கட்டிலை நானே தூக்கிப் பின்னால போட்டுக்கறேன், போ!"

"சரிங்க. பாலக்கோடு போறப்ப ஒரு ரௌட்டர் வாங்கியாங்க. சுவிட்ச் கிவிட்ச்னு எதையாச்சும் தூக்கியாந்துடாதீங்க. அது வேற, இது வேற."

எனக்கே கொள்முதல் சொல்லித் தருகிறாள்! பாலக்கோட்டில் கடைக்காரர் ரஞ்சித்குமாரைப் பிடித்து வித்தியாசம் கேட்டேன்.

"மார்க்கெட் கணக்குலயே சொல்றேங்க. மோடம், வெளியூர் லோடைக் கொண்டாந்து எறக்கற லாரி. ரௌட்டர், எந்தக் கூடை எந்தக் கடைக்குன்னு சீட்டு எழுதற ஆளு. சுவிட்ச், கூடையைக் கைமாத்தி விடற ஆளு. அவனுக்குச் சீட்டு எழுதத் தெரியாது."

"சீட்டு எழுதற ஆளே இல்லீன்னா?"

"ஒரு கடைக்குத்தாங்க சரக்கு. மத்தவன் வாயைப் பார்த்துட்டு நிக்கணும்."

மதியத் தூக்கம் கண்முன் வந்து நின்றது. "சுவிட்ச்சே போடுங்க!"

எடுத்தது கெடுப்பதற்குத்தான். அதற்காகப் பேரம் பேசாமல் இருக்க முடியுமா? அரைமணி நேரம் சண்டை போட்டு, வயர்களையும் இனாமாகப் பிடுங்கிக்கொண்டுதான் படியிறங்கினேன்.

வீட்டில் முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு நீட்டினேன். "கடைக்காரன் இதைத்தான் ரௌட்டர்ன்னான்."

அவள் வாங்கி அட்டையைப் பிரித்தாள். சுவரில் நெட் கம்பெனிக்காரன் மாட்டியிருந்த பெட்டியிலிருந்து ஒரு வயரை சுவிட்ச்சுக்கு இழுத்தாள். அங்கிருந்து கம்ப்யூட்டருக்கு ஒன்றாக மூன்று வயர். நான் தலையணையைத் தட்டிப் போட்டேன்.

மூன்றிலும் நெட் வந்தது.

"எப்பிடிறீ? சீட்டு எழுதற ஆளே இல்லியே!"

"அந்த ஆளு செவுத்துப் பொட்டிக்குள்ளயே இருக்காருங்க. மோடமும் ரௌட்டரும் ஒண்ணாவே வர்ற பொட்டி. வயர் சொருக எடந்தான் ஒண்ணே ஒண்ணு. எனக்கு வேண்டியது சுவிட்ச்சு."

"அப்புறம் எதுக்கு ரௌட்டர் கேட்டே?"

"சுவிட்ச்சுன்னு கேட்டிருந்தா, நீங்க ரௌட்டரைத் தூக்கியாந்திருப்பீங்க."

கட்டிலைத் தலையில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். சிட்டா எடுக்க வந்த ஒருவர் வழிவிட்டு நின்று கேட்டார்: "ஏம்ப்பா, மேடம் உள்ள இருக்காங்களா?"