சென்டினேரியன் நாகப்பன்

"சீனியர் சிட்டிசன்" என்று கரேன் கைகாட்டியபோது, சுற்றுலாப் பயணிகளில் ஒருவர்கூடக் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

தேயிலைத் தோட்டத்தைச் சுற்றிக் காட்டி இங்கிலீஷில் கதை சொல்வது அவள் வேலை. பயணிகள் இணையத்தில் நாலு நல்ல வார்த்தை எழுதாவிட்டால், அடுத்த மாதம் முதல் அவளுக்குப் பதிலாகக் கதை சொல்ல ஹெட்ஃபோன் வந்துவிடும் என்று புது மேனேஜர் திருச்செல்வம் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். அவர் சிரித்துக்கொண்டே சொன்னதெல்லாம் இதுவரை நடந்திருக்கிறது.

அவள் கைகாட்டிய நாகப்பன், வேறு தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று இங்கே வந்து சேர்ந்த தனிக்கட்டை. பேக்டரி வாசல் பெஞ்சில், கூடையும் வெள்ளைத் தாடியுமாகப் பயணிகள் படம் எடுக்க உட்கார்ந்திருப்பார். கூலி, டீயும் உருளைக்கிழங்கு அடைத்த கறிபாப்பும். வயது எழுபதை ஒட்டி இருக்கும்.

அடுத்த குழுவிடம் கரேன் வேறு வார்த்தையை எடுத்துவிட்டாள். "செப்டுவஜெனேரியன்."

எழுபதைத் தொட்டவர் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. ஆனால் எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன. ஒரு பெண்மணி நாகப்பனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"என்னாம்மா சொன்னே என்னைய?" என்றார் நாகப்பன்.

"எழுபது வயசுக்காரர்னு சொன்னேன், தாத்தா."

"அதுக்கா இம்புட்டு நீளம்? நம்மாளுங்க கெழவன்னு சொல்லி முடிச்சிருவாங்களே."

கரேன் ருசி கண்டுவிட்டாள். மறுவாரம் அவரை ஆக்டோஜெனேரியன் ஆக்கினாள், எண்பது. அதற்கடுத்து நோனாஜெனேரியன், தொண்ணூறு. சில டெக்கேட் கொழுந்து வெட்டியவர், முக்கால் செஞ்சுரி வெட்டியவர் ஆனார். நாகப்பனும் சளைக்கவில்லை. ஒவ்வொரு வார்த்தையையும் பதவி உயர்வாக எடுத்துக்கொண்டு, அதற்குத் தக்கபடி முதுகை வளைத்தார். தொண்ணூறில் கை நடுக்கம் சேர்ந்தது. நடுக்கத்துக்குத் தனியாக ஒரு கறிபாப் கேட்டார்.

ஒரு மழை நாளில், குழு முழுக்கக் குளிரில் சுணங்கி நிற்க, கரேனின் வாய் தானாகவே சொல்லிவிட்டது. "சென்டினேரியன்."

கைதட்டல் அடங்கவே நேரமானது.

"இது எம்புட்டு?"

"நூறு, தாத்தா."

"இதுக்கு மேல?"

"இதுக்கு மேல இங்கிலீஷ்ல எனக்கு வார்த்தை தெரியாது."

"பரவால்ல லா. இதுவே போதும்."

போதவில்லை. மறுநாளே மேனேஜர் கூப்பிட்டனுப்பினார்.

"நம்ம தோட்டத்துல நூறு வயசுக்காரர் இருக்காராம், எனக்குத்தான் தெரியல. நெட்டு பூரா அதான் பேச்சு. சனிக்கிழமை கேக் வெட்டுறோம். பேப்பர்காரங்க வராங்க."

கரேன் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தாள். ஹெட்ஃபோன் கண்முன்னே வந்து நின்றது.

"அவருக்கு ஒடம்பு தாங்காது, சார்."

"அப்ப டாக்டரையும் வரச் சொல்றேன். பக்கத்துலயே இருக்கட்டும்."

டாக்டர் பார்த்த மாத்திரத்தில் முப்பது வயதைக் கழித்துவிடுவார். கரேன் அவசரமாக அடுத்த பொய்யைத் தேடினாள். ஞாயிறு தவறாமல் நாகப்பன் வெற்றிலைப் பொட்டலத்தோடு கோலா தெர்லா பஸ் ஏறுவது அவளுக்குத் தெரியும். யாரைப் பார்க்க என்று கேட்டதில்லை.

"அவர் ஊர்லயே இல்ல, சார். கோலா தெர்லாவுல சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிட்டாரு. எந்த வீடுன்னு தெரியல."

"அது என்ன கோலாலம்பூரா, தேட முடியாம போறதுக்கு? வசந்தன் வேன் எடுத்துட்டுப் போவான். சொந்தக்காரங்க இருந்தா அவங்களையும் ஏத்திக்கிட்டு வரட்டும்."

சனிக்கிழமை காலையிலேயே கரேன் நாகப்பனைத் தானா ராத்தா பஸ்ஸில் ஏற்றினாள்.

"சாயங்காலம் வரைக்கும் இந்தப் பக்கம் வராதீங்க, தாத்தா."

"எம் பொறந்தநாளுக்கு நானே வரக் கூடாதா?"

"கூடாது."

"கேக்கு?"

"எடுத்து வைக்கிறேன்."

பேக்டரி வாசலில் பந்தல் போட்டார்கள். கேக்கின் மேல் நூறு என்று பெரிதாக எழுதியிருந்தது. டாக்டர் ஒரு பக்கம், பேப்பர்காரர்கள் ஒரு பக்கம். கரேன் மட்டும் நிம்மதியாக இருந்தாள். வேன் காலியாக வரும். மேனேஜர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். மூன்றாம் நாள் எல்லாரும் மறந்துவிடுவார்கள்.

வேன் வந்து நின்றது. டிரைவர் வசந்தன் ஓடிவந்து பின்கதவைத் திறந்து, இரண்டு கைகளையும் நீட்டினான். கம்பளிச் சட்டையும் குடையுமாக ஒரு கிழவி, வாயில் வெற்றிலையை அடக்கியபடி மெல்ல இறங்கினார். கேக்கை ஏற இறங்கப் பார்த்தார்.

"இவங்க யாருப்பா?" என்றார் மேனேஜர்.

"நாகப்பன் தாத்தா அங்க இல்ல, தொரை. அவரு அம்மாதான் இருந்தாங்க. கூட்டிட்டு வந்துட்டேன்."