பச்சைமணி, போடிநாயக்கனூர்

என் கல்யாணம் முடிவான சேதியை நான் ஓர் இழவு வீட்டில்தான் தெரிந்துகொண்டேன். குற்றம் முழுக்க என்னுடையது.

போன மாதம் எங்கள் ஏலக்காய்க் கடையின் மெயிலை வேறு கம்பெனிக்கு மாற்றினோம். அன்றிலிருந்து ஒரு கடிதமும் வரவில்லை. மகள் வந்து பார்த்தாள்.

"அப்பா, கடைப் பேருக்கு வர்ற மெயிலை எந்த சர்வர்ல சேர்க்கணும்னு டிஎன்எஸ்ங்கிற இன்டர்நெட் பதிவேட்டுல ஒரு பதிவு இருக்கும். எம்எக்ஸ் ரெக்கார்டும்பாங்க. அனுப்புற பக்கம் அதப் பாத்துத்தான் கொண்டுவந்து சேர்க்கும். நீங்க அத மாத்தவே இல்ல. எல்லாம் பழைய எடத்துக்கே போகுது."

இதே தப்பை எண்பதுகளிலேயே செய்தவன் நான்.

அப்போது பெரியப்பாவின் ஏலக்காய்க் கடையில் எனக்குக் கடிதம் எழுதும் வேலை. தந்தி ஆபீசில் 'பச்சைமணி' என்று கடைக்கு ஒரு பெயர் பதிந்திருந்தோம். கொச்சியிலிருந்து 'பச்சைமணி, போடிநாயக்கனூர்' என்று அடித்தால் போதும். பச்சைமணி எந்தத் தெரு, எந்தக் கதவு என்பது இங்கே பதிவேட்டில் இருக்கும். கடை இடம் மாறினால் ஊர் ஊராகச் சொல்ல வேண்டாம், அந்த ஒரு வரியை மாற்றினால் போதும்.

கடை மாறியது. பெரியப்பா மனு எழுதி என் சட்டைப்பையில் வைத்தார். "வெரசாப் போயி தந்தி ஆபீசுல குடுத்துட்டு வா அப்பு."

போனேன். மலையில் மேகம் இறங்கியிருந்தது. முந்தின வாரம்தான் பக்கத்து ஊரான தேவாரத்தில் பெண் பார்த்துவிட்டு வந்திருந்தேன். காபித் தம்ளரை நீட்டிய கையில் ஒற்றை வளையல். அது மேகத்துக்குள் எங்கேயோ குலுங்குவதுபோல இருந்தது. (ஒற்றை வளையல் எப்படிக் குலுங்கும் என்று கேட்காதீர்கள்.) வாய்க்கால் பாலத்தில் உட்கார்ந்தேன். கல்யாணம் முடித்து, மலைச்சரிவில் வீடு கட்டி, இரண்டு பிள்ளைகளுக்குப் பெயரும் வைத்துவிட்டு எழுந்தபோது ஆபீஸ் நேரம் முடிந்திருந்தது. மனு சட்டையோடு சலவைக்குப் போனது. பெரியப்பாவிடம் "குடுத்துட்டேன்" என்றேன். கனவில் கொடுத்திருக்கலாம்.

பெண்ணின் தாய்மாமன் கொச்சியில் இருந்தார். அவர் சம்மதம் எங்கள் கடைக்குத் தந்தியில் வர வேண்டும். வராவிட்டால் பெண் இல்லை, சிலமலையில் இன்னொரு மாப்பிள்ளை தயாராக இருந்தான். பத்து நாளாகியும் தந்தி இல்லை. நான் சாப்பாட்டையே விட்டேன். (இட்லி சேர்த்தி இல்லை.)

அந்த வியாழக்கிழமை, எங்கள் பழைய கடைக்குக் குடிவந்து மாவு மில் நடத்திய முத்தையா அண்ணன் வீட்டில் ஒரே அழுகை.

"பம்பாய்ல சீக்காக் கெடந்த அவுக மச்சினன் போயிட்டாராம். தந்தி வந்திருக்கு. ஒரு மாலை வாங்கிட்டுப் போயி துட்டி கேட்டுட்டு வா" என்றார் பெரியப்பா. அந்தக் காலத்தில் தந்தியைப் பிரிக்கும் முன்பே அழுதுவிடுவது வழக்கம்.

மில்லை நிறுத்தியிருந்தார்கள். பம்பாயில் போனவருக்குப் போடியில் யார் கழுத்தில் மாலை போடுவது என்று தெரியாமல் அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன். "ஏ அண்ணே, என்ன அநாதையா விட்டுட்டியே!" என்று அக்கா, முத்தையா அண்ணனின் மனைவி, மார்பில் அடித்துக்கொண்டிருந்தார். அண்ணன் தந்தியை நீட்டினார். "தம்பி, நீ இங்கிலீசு படிச்சவன். எப்பப் போனாருன்னு பாரு."

பிரித்தேன். மேலே பச்சைமணி. கீழே, 'சம்மதம். வெள்ளிக்குள் பதில் இல்லையேல் சிலமலை.'

வளையல் குலுங்கியது. மில், அழுகை, மாவு வாசம் எல்லாம் மேகத்துக்குள் போய்விட்டன.

"என்ன தம்பி போட்டிருக்கு?"

"சம்மதம்ணே" என்றேன்.

அழுகை சட்டென்று நின்றது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். குனிந்து பார்த்தால் மாலை என் கழுத்தில். யாரும் போடவில்லை, நானேதான்.

"அடப்பாவி! எங்கண்ணனுக்குக் கொண்டாந்த மாலையப் போட்டுக்கிட்டு இளிக்கிறியே!" என்று அக்கா விளக்குமாற்றைத் தேடினார்.

"அவரு நல்லாத்தான் இருக்காருக்கா! கல்யாணம் எனக்கு!" என்று கத்திக்கொண்டே தந்தி ஆபீசுக்கு ஓடினேன். மாலையோடுதான். பதில் தந்தி கொடுத்துவிட்டுப் புது மனுவும் எழுதிக் கொடுத்தேன். குமாஸ்தா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

கல்யாணத்தன்று அக்கா வந்து என் மாலையைத் தொட்டுப் பார்த்து, "இது புதுசுதான?" என்று கேட்டார்.

போன மாதம் மகள் பதிவை மாற்றி முடித்தாள். "புதுப் பதிவு எல்லா எடத்துக்கும் தெரிய ரெண்டு நாளாகும்ப்பா."

"அதுவரைக்கும் நமக்கு வந்த கடுதாசிய எங்க போயி வாங்குறது?"

அடுப்படியிலிருந்து தேவாரத்துக் குரல் வந்தது. "ஊருக்குள்ள எங்க எழவு விழுந்திருக்குன்னு விசாரிச்சு, ஒரு மாலையோட போயி நில்லுங்க."