வீரபத்திரர் துரத்திய மாப்பிள்ளை

மொழி தெரியாத ஊரில் வாயை மூடிக்கொண்டிருப்பவன் பிழைத்துக்கொள்வான். தலையையும் ஆட்டாமல் இருந்தால் மரியாதையோடு பிழைத்துக்கொள்வான். நான் வாயையும் திறந்தேன், தலையையும் ஆட்டினேன். வாழ்க்கையில் அதைவிடக் கேவலமான ஒரு காலைப்பொழுது எனக்கு இன்னும் வாய்க்கவில்லை.

எனக்குச் சொந்த ஊர் தஞ்சாவூர், வேலை சென்னையில். பவித்ராவோடு நிச்சயதார்த்தம் முடிந்திருந்தது. கல்யாணக் கோட்டுக்கு அளவு கொடுப்பதற்காகக் கர்நாடகத்தில், கோலார் தங்கவயலில் இருக்கும் ராபர்ட்சன்பேட்டைக்கு வந்திருந்தேன். (இந்த வெயிலில் கோட்டு எதற்கு என்று கேட்டுப் பார்த்தேன். தங்கவயலில் கோட்டு போடாதவனை மாப்பிள்ளை என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்களாம்.) பவித்ராவின் அப்பா தாமோதரன், கனரக இயந்திரத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பக்கத்திலேயே ஊரிகத்தில் வீடு. அன்று சாயங்காலம் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவர்தான் ஆரம்பித்தார்.

"மாப்ள, பூதிகோட்டைல நம்ம ருத்ரப்பா பையனுக்குக் கல்யாணம். நானும் அவனும் ஒரே ஷிப்டுல வேல செஞ்சவங்க. நாளைக்குக் காலைல சாமி பூஜை, வீரகாசே ஆடுவாங்க. நீங்களும் வாங்க."

"வீரகாசேன்னா என்ன மாமா?"

"வீரபத்திர சாமி ஆட்டம். கத்திய வெச்சிகினு ஆடுவாங்க. வேடிக்கை இல்ல மாப்ள, அந்த ஆட்டமேதான் பூஜை. ஒடம்பெல்லாம் புல்லரிச்சிப் பூடும்."

மாமனார் சொன்னது எதுவும் பொய்யாகவில்லை.

மறுநாள் காலை பட்டு வேட்டி, பட்டுச் சட்டையோடு அவர் பின்னால் போய் இறங்கினேன். பந்தலில் எதிர்ப்பட்டவரிடமெல்லாம் அவர் என் தோளில் கை போட்டு, "இவ்ரு நம்ம மதுமக!" என்றார். மதுமக என்றால் மாப்பிள்ளை என்று அவரே சொல்லிக் கொடுத்திருந்தார். ஒவ்வொருவரும் என்னைப் பார்த்து "மதுமகனா?" என்று சிரிக்க, நான் அதைத் தவிர எனக்குத் தெரிந்த ஒரே கன்னட வார்த்தையை எடுத்துவிட்டேன்: "ஹௌது." ஆமாம் என்று அர்த்தம். சொல்லச் சொல்ல எனக்கே உச்சரிப்பு பிடித்துப்போயிற்று. கன்னடம் இவ்வளவுதானா என்றுகூடத் தோன்றியது.

பிறகு மாமனார் ருத்ரப்பாவைத் தேடி வீட்டுக்குப் பின்னால் சமையல் நடக்கும் இடத்துக்குப் போய்விட்டார். நான் பந்தலில் தனியாக நின்றேன்.

வீரகாசேக்காரர்கள் வந்தார்கள். வேறு ஊர்க் குழு. தலைவருக்கு ஐம்பது வயதிருக்கும், நல்ல உயரம். சிவப்பு உடை, தலைப்பாகை, நெற்றி நிறைய விபூதி, மார்பில் வீரபத்திரர் முகம் பதித்த உலோகத் தகடு, காலில் சலங்கை, கையில் உண்மையான வாள். அவர் சும்மா நடந்து வந்தபோதே பந்தலில் பேச்சு நின்றுவிட்டது. கூட வந்தவர், வாயகன்ற மண்சட்டி ஒன்றில் மணல் நிரப்பி, கற்பூரம் ஏற்றி, குங்கிலியம் போட்டுக்கொண்டிருந்தார். சட்டியைச் சுற்றி விபூதிப் பட்டையும் சாமந்திப் பூவும். தலைவர் நேராக என்னிடம் வந்தார்.

"நீவேனா மதுமக?" நீங்கள்தான் மாப்பிள்ளையா என்கிறார்.

எனக்கு ஒரே பெருமை. "ஹௌது" என்றேன். தலையையும் ஆட்டினேன்.

அடுத்த நொடி ஈரத்துணியை மடித்து என் கையில் வைத்து, அதன்மேல் எரிகிற சட்டியையும் வைத்துவிட்டார்கள். வெளியூர் மாப்பிள்ளைக்கு எவ்வளவு மரியாதை செய்கிறார்கள் பார் என்று கண் கலங்கிவிட்டது. (அது புகையால் கலங்கிய கண் என்பது பிற்பாடு தெரிந்தது.) அந்தக் குடும்ப வழக்கப்படி, கல்யாண மாப்பிள்ளைதான் அந்த நெருப்பை ஏந்திக்கொண்டு கோயில்வரை போக வேண்டும் என்றும், வழியில் அது அணையவே கூடாது என்றும் எனக்கு யார் சொல்வது? சொல்லியிருந்தாலும் கன்னடத்தில் சொல்லியிருப்பார்கள். நானும் ஹௌது என்றிருப்பேன்.

மேளம் அடித்தது. சாதாரண அடியில்லை, நெஞ்செலும்பில் விழுகிற அடி. தெருவில் இறங்கினோம். தலைவர் எனக்கு முன்னால், முகம் பார்த்து, பின்பக்கமாக நகர்ந்தபடியே ஆடினார். திடீரென்று மேளம் நிற்க, "ஆஹா ருத்ரா! ஆஹா தேவா!" என்று முழங்கிவிட்டு, வாளை என் மூக்குக்கு நேராக நீட்டி, ஏதோ கதையை உரத்த குரலில் சொல்ல ஆரம்பித்தார். கண்கள் சிவந்திருந்தன. நான் முகத்தில் பக்தியை வரவழைத்துக்கொண்டு தலையாட்டினேன்.

"தக்ஷன தலெ கடித!" என்று கர்ஜித்து, வாளை என் கழுத்துப் பக்கமாக ஒரு சுழற்று சுழற்றினார்.

தலை புரிந்தது. கடி என்பது தமிழில் பல்லால் செய்கிற காரியம். ஆனால் வாளோடு நிற்கிறவர் பல்லால் எதற்குக் கடிக்கப்போகிறார்? வெட்டு என்றுதான் இருக்க வேண்டும். தட்சன் யாகத்தில் தட்சனுடைய தலை போன கதைதான் அது. ஆனால் அந்த நேரத்தில் கையில் நெருப்போடு அவருக்கு எதிரில் நின்ற ஒரே ஆள் நான். தட்சனாக யாரை வைத்திருக்கிறார்கள் என்ற சந்தேகம் வந்துவிட்டது. வாள் இரண்டாவது முறை சுழன்றபோது நான் ஓடினேன்.

சட்டியைக் கீழே வைத்துவிட்டு ஓடலாம் என்ற யோசனை தோன்றவில்லை. சட்டியோடேயே ஓடினேன். பார்த்தவர்களுக்கு எனக்குச் சாமி வந்துவிட்டதாகத் தோன்றியிருக்கிறது. பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மேளக்காரர்கள் அடியை வேகப்படுத்திக்கொண்டு கூடவே ஓடிவந்தார்கள். மேளம் வேகமாக வேகமாக நானும் வேகமானேன். பின்னாலேயே சலங்கைச் சத்தம்.

"நில்லி! நில்லி!"

நிற்கச் சொல்கிறார் என்பது தஞ்சாவூர்க்காரனுக்கும் புரியும். வாளோடு துரத்துகிறவர் சொன்னால் எவன் நிற்பான்?

தெரு முடிந்து தக்காளித் தோட்டம் வந்தது. செடிகளைத் தாங்கக் குச்சி நட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள். கயிறு என் கணுக்காலைப் பிடித்தது. நான் ஒருபக்கம், சட்டி ஒருபக்கம். அப்போதுதான் தண்ணீர் பாய்ச்சிய வாய்க்கால். ஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், சாமி நெருப்பு அணைந்துவிட்டது.

மேளமும் நின்றுவிட்டது. நான் சேற்றிலிருந்து முகத்தைத் தூக்கியபோது ஊரே வரப்பில் நின்றது. கோபமாக யாராவது கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ருத்ரப்பாவின் மனைவி மட்டும் வாய்க்கால் ஓரம் உட்கார்ந்து, சட்டியைக் கையில் எடுத்து, நனைந்த மணலை விரலால் கிளறிக் கிளறிப் பார்த்தார். ஒரு பொறிகூட இல்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். மகன் கல்யாணத்துக்கு முதல் நாள் தெய்வத்தின் நெருப்பு அணைவதென்றால் அந்தத் தாய்க்கு என்ன அர்த்தம் என்று எனக்கு எந்த மொழியிலும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடினேன். ஹௌது மட்டும்தான் இருந்தது.

மாமனார் மூச்சிரைக்க ஓடிவந்தார். என்னைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார்.

"இன்னா மாப்ள இது?"

அந்தச் சேற்றிலேயே புதைந்துவிடலாம் என்றிருந்தது. கல்யாணம் நின்றுபோகும். அவர்களுடையதும், எங்களுடையதும்.

குழுத் தலைவர் தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதைக் கழற்றியதும் அவர் பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி இருந்தார். ருத்ரப்பாவின் மனைவியிடம் குனிந்து நீண்ட நேரம் ஏதோ சொன்னார். மாமனார் என் காதில் மொழிபெயர்த்தார்: "சாமி இன்னும் வீட்ட வுட்டே கிளம்பலியாம். கிளம்பனது ஆள் மாறிப்போச்சி. அதனால குத்தம் இல்லியாம். முதல்லேர்ந்து செய்யலாம்னு சொல்றாரு."

அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். போகும்போது என் சட்டைக் காலரில் தொங்கிய தக்காளி இலையை எடுத்துப் போட்டுவிட்டுப் போனார். அதுதான் என்னை ஒரேயடியாக நொறுக்கியது.

கிணற்றடியில் நான் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தபோது உண்மையான மாப்பிள்ளை மஞ்சுநாத் வந்தான். பெங்களூரில் வேலை பார்ப்பவன். தமிழ் கொஞ்சம் வரும்.

"சார், ஃபீல் பண்ணாதீங்க. எனக்கும் அந்தக் கத்தி கண்டா பயம். அதுதான் உள்ளே ரூமிலே லேட் பண்ணிட்டு இருந்தேன்."

"இப்ப என்ன செய்வீங்க?"

"என்ன செய்றது? உங்களுக்கே ஒண்ணும் ஆகல. நான் போறேன்."

இரண்டாவது தடவை நான் கூட்டத்தின் கடைசியில், ஈர வேட்டியோடு நடந்தேன். அதே வாள், அதே முழக்கம். மஞ்சுநாத் ஒரு அடி பின்வாங்கினான், ஆனால் நின்றான். வாள் அவன் தலையைச் சுற்றி வந்தபோது அவன் அம்மா கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டார். ஆடியவரின் முகத்தில் கோபத்துக்கு அடியில் ஏதோ ஒரு கனிவு இருந்தது. என் மூக்குக்கு நேரே நின்றபோது நான் அதைப் பார்க்கவேயில்லை. கோயில் வாசலில் நெருப்பு சேர்ந்தபோது நானும் அழுதேன். எதற்காக என்று கேட்டால் தெரியாது. எல்லாவற்றுக்குமாகத்தான்.

திரும்பி வரும் பஸ்ஸில் மாமனார் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். ஊரிகம் வீட்டுக்குள் நுழைந்தபோது பவித்ரா கையில் போனோடு நின்றாள். எங்களுக்கு முன்பே வீடியோ வந்து சேர்ந்திருந்தது.

"இன்னா, அந்த ஓட்டம் ஓடியிருக்கீங்க?" என்று மட்டும்தான் கேட்டாள். பிறகு தரையில் உட்கார்ந்து சிரித்தாள். அவள் சிரிப்பதைப் பார்த்து மாமனாரும், அந்தக் காலையிலிருந்து முதல் முறையாக, சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. எனக்கு அதற்கு இன்னும் சில வருடங்கள் தேவைப்பட்டன.

எங்கள் கல்யாணம் ராபர்ட்சன்பேட்டையில் நன்றாகவே நடந்தது. ருத்ரப்பா குடும்பத்தோடு வந்திருந்தார். மாமனார் மட்டும் ஒரு முன்னெச்சரிக்கை செய்திருந்தார். ஆல்பத்தில் எந்தப் படத்தைப் புரட்டினாலும் கோட்டு போட்ட என் இரண்டு முழங்கைகளையும் இரண்டு மச்சான்கள் இறுக்கிப் பிடித்திருப்பார்கள், தாலி கட்டும் படத்தில்கூட. வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுப் பரிதாபமாக, "மாப்பிள்ளைக்கு அன்னிக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்பார்கள்.

பவித்ரா தட்டில் முறுக்கை வைத்தபடியே சாதாரணமாகச் சொல்வாள்: "உடம்பெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சி. வுட்டா ஓடிப் பூடுவாரு."