குங்குமம் துடைத்த மோடம்

கம்ப்யூட்டரை டெலிபோனோடு இணைக்கும் மோடம் மூன்றாவது தடவையும் எண்களைச் சுழற்றியது, எதிர்முனையில் கொஞ்ச நேரம் மணி அடித்தது, பிறகு ஓய்ந்தது. 'வங்கியுடன் இணைக்க முடியவில்லை' என்று திரையில் அதே வாசகம். சம்பத்குமார் மோடத்தின் நெற்றியிலிருந்த குங்குமத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்தார்.

"ஏன்னா, ஆயுத பூஜை பண்ணின சாமானைத் துடைக்கறேளே! நாளை வரைக்கும் தொடப்படாது," என்றாள் லக்ஷ்மம்மா.

"நாளைக்குக் காலம்பற எட்டு மணிக்கு ரத்தினவேல் வந்து நிப்பான். லோன் பணம் கணக்குல விழுந்துதான்னு தெரியாம செக்கைக் கிழிச்சுக் குடுக்கவா?"

கொள்ளேகால் ரத்தினவேல் விற்கும் மனை மீது இன்னொருவருக்கும் கண். செக் கொடுக்காவிட்டால் மனை போகும். கொடுத்து அது திரும்பி வந்தால் மானம் போகும். வங்கிக்கோ இரண்டு நாள் தசரா விடுமுறை. இப்படி ஒரு நாளுக்காகவே, டெலிபோன் வழியாக வீட்டிலிருந்தே கணக்குப் பார்க்கும் மென்பொருளைப் போன வருஷம் வாங்கியிருந்தார்.

"பேங்க் மேனேஜர் ஆம் பக்கத்துத் தெருதானே? ஒரு நடை கேட்டுண்டு வாங்கோளேன்."

"கம்ப்யூட்டரை வாங்கி வெச்சுண்டு அவர் வாசல்ல போய் நிக்கணுமா?"

சம்பத்குமார் எதையும் முறையாகச் செய்கிறவர். நோட்டைத் திறந்து எண் போட்டு எழுதிக்கொண்டார். ஒன்று: மோடத்தின் வேகத்தைக் குறைத்தல். குறைத்தார். அடித்துக்கொண்டிருந்த மணியும் இப்போது அடிக்கவில்லை. பழையபடி மாற்றினார்.

இரண்டு: கணக்கை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்த்தல். கையேட்டில் அப்படித்தான் இருந்தது. நீக்கினார். கூடவே ஒரு வருஷத்துப் பால், காய்கறி, காஸ் கணக்கு முழுவதும் போயிற்று.

"போச்சா?" என்றாள் லக்ஷ்மம்மா.

"இதெல்லாம் எதிர்பார்த்ததுதான்."

மூன்று: சுவரிலுள்ள டெலிபோன் பெட்டியைத் திறந்து ஒயர்களைத் துடைத்தல். துடைத்து மூடியதும் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தார். கிணற்றுக்குள் தலையை விட்டது போல நிசப்தம்.

"இனிமே மேனேஜருக்கு ஃபோன்கூடப் பண்ண முடியாது, ரொம்ப சௌகரியம்," என்று சொல்லிவிட்டு அவள் சுண்டல் தாளிக்கப் போனாள்.

நோட்டில் நான்கு என்று எழுதினார். பேனா அங்கேயே நின்றது. சமையலறைப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, ஓசைப்படாமல் குங்குமச் சிமிழை எடுத்து மோடத்துக்குப் பழைய இடத்திலேயே பொட்டு வைத்தார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் குரல் கேட்டது. வங்கிப் பியூன் மல்லப்பன், கையில் பொரிப் பொட்டலத்தோடு நின்றான்.

"பேங்க் பூஜைப் பிரசாதமுங்க சார். மேனேஜர் குடுத்துட்டு வரச் சொன்னாருங்க. உங்க லோன் பணம் நேத்தே விழுந்திருச்சுன்னும் சொல்லச் சொன்னாருங்க."

சம்பத்குமாருக்கு மூச்சு வந்தது. கூடவே கௌரவமும் திரும்பி வந்தது.

"அதை நானே கம்ப்யூட்டர்ல பார்த்திருப்பேன்ப்பா. என் மோடத்துல ஏதோ கோளாறு. காலம்பறலேருந்து லைனே கிடைக்கலை."

"எப்படிங்க சார் கிடைக்கும்?" என்றான் மல்லப்பன். "எங்க பேங்க்ல ஃபோன் வழியாக் கணக்குப் பாக்கறது நீங்க ஒருத்தருதானுங்க. 'பூஜை போட்ட மிஷினை அவரு இன்னைக்குத் தொடவே மாட்டாரு'ன்னு சொல்லி, மேனேஜரே ஒயரைப் புடுங்கிட்டு எங்க கம்ப்யூட்டருக்கு மாலை போட்டுட்டாருங்க!"