அப்படியே போய்ச் சொல்லு

"உங்கம்மாகிட்டப் போய்ச் சொல்லுங்க, அவங்க சுட்ட சோள ரொட்டி ரொம்ப நல்லாயிருக்குன்னு. முற்றத்துல ரெண்டு செங்கல் பெயர்ந்து கிடக்கு, அந்த இடத்துல வச்சுப் பூசிடலாம்."

மரவள்ளிக்கிழங்கை வெட்டிக்கொண்டே சுனில்டா இதைச் சொன்னாள். அவள் கணவன் ஹெர்மினியோ தலையை ஆட்டிவிட்டு, முற்றத்தைத் தாண்டி, எதிர் அறையில் இருந்த தன் அம்மா எவுஸ்தாசியாவிடம் போனான்.

"ரொட்டி பிரமாதமாம்மா. வீட்டையே தாங்குமாம்."

அம்மா மூக்கை உறிஞ்சினாள். "அவ நாக்குக்கு ருசி தெரியறதே அதிசயம்தான்னு போய்ச் சொல்லு."

அவன் திரும்பி வந்தான். "உன் ரசனையைப் பார்த்து அம்மாவுக்கே ஆச்சரியமாம்."

கோடை தொடங்கியதிலிருந்து அந்த வீட்டில் இதே கதைதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமரத்தடியில் உட்கார்ந்து அம்மா கொம்புக் குவளையில் ஜில்லென்று தெரெரே மூலிகைத் தண்ணீர் ஊற்றி மருமகளிடம் நீட்டினாள். மருமகள் வாயே வைக்காமல் "நன்றி" என்று சொல்லிவிட்டாள். அந்த ஊரில் வயிறு நிரம்பக் குடித்தவர்கள் கடைசிச் சுற்றில் சொல்லும் வார்த்தை அது. முதல் குவளைக்கே சொன்னால், உன்னோடு உட்கார்ந்து குடிக்க எனக்கு இஷ்டமில்லை என்று முகத்தில் அடித்தாற்போல் சொன்ன மாதிரி. அன்றோடு மாமியாருக்கும் மருமகளுக்கும் பேச்சு நின்றது. தூது போகும் வேலை ஹெர்மினியோ தலையில் விழுந்தது.

அதற்கு முன் அவன் வாயைத் திறந்து யாரும் பார்த்ததில்லை. பகலெல்லாம் அணைக்கட்டின் ஸ்டோர் ரூமில் நட்டு, போல்ட்டுகளோடு இருப்பான். வீட்டுக்கு வந்தால் டிவி. எதைக் கேட்டாலும் "ம்". ரொம்பக் கேட்டால் "ம்ம்". தூது போகப் போகத்தான் வாய் திறந்தது. திறந்த வாய் வேலையிடத்திலும் மூடவில்லை. "நல்லாப் பேசறியே! இங்கிலீஷ் மட்டும் பாஸ் பண்ணு, அணையைப் பார்க்க வர்ற வெளிநாட்டுக்காரங்களுக்கு உன்னையே வழிகாட்டியாப் போட்டுடறேன்" என்று அதிகாரி சொல்லிவிட்டார்.

அதனால்தான் மாலை வகுப்பு. ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் எடுத்துச் சொல்லும் பாடம் வந்தபோது, நமக்குத் தெரியாத தூதா என்று ஹெர்மினியோ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுந்தான்.

"நான் சொல்றதை உங்க பக்கத்துல படிக்கிற பேங்க்காரர்கிட்ட இங்கிலீஷ்ல சொல்லுங்க" என்றாள் மிர்னா டீச்சர். "'உங்க நாய் நேத்து என் கோழியைத் தின்னுடுச்சு. உங்களைச் சும்மா விடமாட்டேன்.'"

ஹெர்மினியோ பேங்க்காரரைப் பார்த்துக் கனிவாகச் சிரித்தான். முந்தின நாள் உங்கள் நாயைப் பார்த்ததாகவும், அது நல்ல பசியோடு இருந்ததாகவும், உங்களை விட்டுப் பிரிய மனமில்லை என்றும் டீச்சர் சொன்னதாக இங்கிலீஷில் ஒப்பித்தான்.

வகுப்பே சிரித்தது. மிர்னா சிரிக்கவில்லை.

"'நேத்து' 'முந்தின நாள்' ஆச்சு. சரி. கோழி எங்கே?"

"அதைச் சொன்னா அவர் மனசு கஷ்டப்படும் டீச்சர்."

"காலத்தை மாத்துங்க, ஆளை மாத்துங்க, சேதியை மாத்தாதீங்க! வெள்ளிக்கிழமை பரீட்சை. தலைநகர்லருந்து வர்ற அதிகாரி கோழியைத்தான் முதல்ல தேடுவார். அதுவரைக்கும் வீட்டுல யார் எதைச் சொன்னாலும் அப்படியே போய்ச் சொல்லிப் பழகுங்க."

மறுநாள் காலையிலேயே பழகத் தொடங்கினான்.

"உங்கம்மா விடற குறட்டையில ஓடு பறக்குது" என்றாள் சுனில்டா.

ஹெர்மினியோ முற்றத்தைத் தாண்டினான். விறைப்பாக நின்றான். "உன் குறட்டையில் ஓடு பறப்பதாக அவள் சொன்னாள், அம்மா."

அம்மாவின் கையிலிருந்த துடைப்பம் நழுவியது. "அப்படியேவாடா சொன்னா?"

"ஒரு எழுத்து மாத்தலை."

அம்மா பதிலுக்கு வாயைத் திறந்தாள். மூடினாள். வானத்தைப் பார்த்தாள். "இரு, சாயங்காலம் சொல்றேன்" என்றாள்.

மாலையில் அவன் திரும்பியபோது மாமரத்தடியில் நாற்காலிகள் இரண்டும் ஒட்டிக் கிடந்தன. இது தினமும் நடப்பதுதான். காற்று தள்ளியிருக்கும் என்று, இருவர் கண்ணிலும் படுவதற்குள் ஒன்றை இழுத்துத் தள்ளிப் போட்டான். அம்மா தயாராக நின்றாள்.

"அவ மூஞ்சியைப் பார்த்தே பால் திரிஞ்சு போகுது. பாலாடைக்கட்டிக் கடைக்காரன் அவளைச் சம்பளத்துக்குக் கேக்கறானாம். போய்ச் சொல்லு!"

ஹெர்மினியோவுக்கு முற்றத்தின் நடுவில் கால் நின்றுவிட்டது. இதை அப்படியே சொன்னால் குடும்பம் இரண்டாகிவிடும். பரீட்சையாவது ஒன்றாவது என்று பழைய வழிக்கே திரும்பினான்.

"நீ கைராசிக்காரின்னு கடைக்காரனே சொல்றானாம், சுனில்டா."

"பொய்!" சுனில்டா கரண்டியை ஓங்கினாள். "பால் திரிஞ்சு போகுதுன்னுதானே சொன்னாங்க? அதை ஏன் முழுங்கினீங்க?"

"உனக்கெப்படித் தெரியும்?"

"அது... ஒரு யூகம்தான்." அவள் அவசரமாக அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "சொன்னதைச் சொல்லத் தெரியலை, நீங்கல்லாம் எங்க பாஸ் பண்றது!"

வெள்ளிக்கிழமை காலை, பரீட்சைக்கு லீவு போட்டுவிட்டு ஹெர்மினியோ சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது அம்மா வாசலில் நின்றாள். பக்கத்தில் அவன் இதுவரை பார்த்திராத ஒரு சிவப்புப் பெட்டி.

"நான் என்கர்னாசியோன் ஊர்ல இருக்கற என் பொண்ணு வீட்டுக்குப் போறேன். உன் பொண்டாட்டிகிட்டப் போய்ச் சொல்லு."

"தாராளமாப் போகச் சொல்லுங்க!" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

ஹெர்மினியோ தடுப்பதற்காகப் பெட்டியைத் தூக்கினான். பஞ்சு மாதிரி வந்தது. உடுத்தின துணியோடு போகிற அளவுக்கா அம்மாவுக்கு மனசு விட்டுப்போயிற்று என்று அதைத் திரும்பக் கீழே வைத்தான். அவனுக்கு அம்மாவும் வேண்டும், சுனில்டாவும் வேண்டும். இருவரில் ஒருவர் இல்லாத வீட்டை அவனால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. அந்தப் பெட்டிமேலேயே உட்கார்ந்துவிட்டான்.

"நான் பரீட்சைக்குப் போகலை. எல்லாம் என் வாயால வந்தது. இனிமே நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். 'ம்'கூடச் சொல்லமாட்டேன்."

"ஐயையோ, வேண்டாம்!" என்று இரண்டு குரல்கள் ஒன்றாக அலறின.

அடுத்த நிமிஷம் சுனில்டா அவன் சட்டைப் பையில் பேனாவைச் செருகினாள். அம்மா முதுகில் கைவைத்துத் தள்ளினாள். என்ன நடக்கிறது என்று புரிவதற்குள் அவன் தெருவில் நின்றான். பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

எதிரே தலையில் கூடையோடு பெட்ரோனா வந்தாள். அவன் வேலைக்குப் போனபின் தினமும் அந்தத் தெருவில் சிபா ரொட்டி விற்பவள்.

"என்ன தம்பி, கண்ணெல்லாம் கலங்கியிருக்கு?"

"வீட்டுல பெரிய சண்டைக்கா. ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சில ஒருத்தர் முழிக்கறதில்லை. அம்மா பெட்டியைக் கட்டிட்டாங்க."

பெட்ரோனா கூடையை இறக்கி வைத்தாள். சாத்திய கதவை ஒருதரம் பார்த்துக்கொண்டாள்.

"நீ இந்தப் பக்கம் போனதும் அந்த மாமரத்தடியில ஒரே குவளையில மாத்தி மாத்தி உறிஞ்சிக்கிட்டு, இன்னைக்கு என்ன திட்டலாம்னு விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க தம்பி. 'சண்டை எப்பவோ தீர்ந்தது தெரிஞ்சா இவன் பழையபடி ஊமையாயிடுவான், பரீட்சை முடியட்டும்'னு உங்கம்மா சொன்னாங்க. 'ஆமா அத்தை, இப்பதான் மனுஷன் வீட்டுல பேசறார்'னு உன் பொண்டாட்டி சொன்னா. நீ மாத்தாம சொல்ல ஆரம்பிச்சதும் திட்டு தீர்ந்துபோச்சுன்னு என்கிட்ட வந்து நின்னாங்க. அந்தப் பால் திரிஞ்ச திட்டு நான் குடுத்தது. சிவப்புப் பெட்டியும் என்னோடதுதான், சாயங்காலம் எனக்குத் திருப்பி வேணும். நான் கேட்டேன்னு அப்படியே போய்ச் சொல்லு."