நம்பிக் கொடுத்த ஓணான்

வந்த விருந்தாளி சாப்பிட மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"கரப்பானும் வேண்டாங்குது, முட்டையும் வேண்டாங்குது. செத்துக்கித்துப் போச்சுனா என்னங்க பண்றது?" என்று புருஷனிடம் கேட்டாள் பொற்கொடி.

ரவிக்குமார் குனிந்து பார்த்தான். கூண்டில் இருந்தது சாதாரண ஓணான் அல்ல. கை நீளத்துக்குப் பச்சைப்பசேலென்று, தாடைக்குக் கீழே தோல் தொங்க, மகாராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. தென்னமெரிக்கக் காட்டு ஜாதி, பெயர் இகுவானா. மில் முதலாளி வெங்கடபதியின் மகன் யஷ்வந்த் மெட்ராஸில் யாரிடமோ வாங்கிவந்து உயிராக வளர்த்தான். இப்போது அவன் காலேஜ் டூர் போய்விட்டான். முதலாளியும் அவர் மனைவி ரங்கம்மாளும் திருப்பதிக்குக் கிளம்பினார்கள். ரங்கம்மாள் ஸ்டோர் கீப்பர் ரவிக்குமாரைத்தான் கூப்பிட்டனுப்பினார்.

"உங்களை நம்பித்தான் குடுக்கறேன் ரவி."

அந்த வார்த்தையில் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. காரணம் உண்டு. ஸ்டோர் ரூம் சாவியைத் தொலைத்துக் கதவை உடைக்க வைத்தவன் அவன். முதலாளியின் குடையை சூலூர் பஸ்ஸில் விட்டவன். ஆயுத பூஜைக்கு வாங்கிய வாழைக்கன்றையே வழியில் தொலைத்துவிட்டு வெறுங்கையோடு வந்து நின்றவன். அவனைக் கண்டாலே மில் ஆட்கள் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள். அந்த மானக்கேட்டை இந்த ஓணானை வைத்துத்தான் துடைக்க வேண்டும்.

"ஊட்டுக்கு வந்ததை வயிறு காயப் போட்டா நம்ம பேரு என்னாகும்?" என்று பொற்கொடி தரையில் வாழை இலையை விரித்தாள். விருந்தாளிக்குக் கம்பி இடுக்கில் சோறு தள்ளுகிற வழக்கம் கோயமுத்தூர்ப் பக்கம் கிடையாது. பருப்புஞ்சோறும் முருங்கைக்கீரைப் பொரியலும் வைத்து, "வா கண்ணு, சாப்புடு" என்று கூண்டைத் திறந்துவிட்டாள்.

விருந்தாளி சோற்றை மிதித்தது. பொரியலை மட்டும் நக்கிப் பார்த்தது. இனி பச்சையாகவே பார்த்துக்கொள்கிறேன் என்பது போல ஜன்னலேறி வெளியே போய்விட்டது.

ஓணானைக் காணோம் என்று லைன் வீடுகளில் விசாரித்தால் சேதி உடனே மில்லுக்குப் போய்விடும். ரவிக்குமார் வாய்க்கு வந்ததைச் சொன்னான். "பச்சைக்கிளி ஒண்ணு பறந்துபோச்சுங்க. பாத்தீங்களா?"

நல்ல ஜனங்கள். தெருவே தேடியது. யாரோ ஒருவர் ஒரு கிளியைப் பிடித்தும் கொண்டுவந்துவிட்டார். இது இல்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை. வாங்கிக் கூண்டில் விட்டான்.

கொஞ்ச நேரத்தில் சைக்கிள் கடை ரசாக் வாசலில் வந்து நின்றார். கூண்டிலிருந்த கிளி அவரைப் பார்த்து, "ரசாக் பாய், டீ" என்றது.

"ஏனுங்க ரவி, அடுத்தவன் கிளியப் புடிச்சு அடைச்சு வெக்கற அளவுக்கு வந்துட்டீங்களா?"

கூட்டம் கூடிவிட்டது. ரவிக்குமார் கூனிக் குறுகிப் போனான். உண்மையைச் சொல்லாமல் தீராது. "நான் தேடுனது கிளி இல்லீங்க. ஓணானுங்க."

"ஓணானா? வேலி பூராவும் கெடக்குதே கண்ணு, எதுக்குத் தேடோணும்?" ரசாக்கின் குரலில் கோபம் போய்ப் பரிவு வந்துவிட்டது. புத்தி பேதலித்தவனிடம் பேசுகிற பரிவு. அதற்குத் திருட்டுப்பட்டமே தேவலாம் என்றிருந்தது ரவிக்குமாருக்கு.

அந்நேரம் பக்கத்து வீட்டு பக்ருன்னிசா ஓடிவந்தார். "யாராச்சும் வந்து பாருங்க. என்ற முருங்கை மரத்தை என்னமோ மொட்டையடிச்சுட்டு இருக்குது."

உச்சிக் கிளையில் கண்ணைச் செருகிக்கொண்டு தளிர் மென்றுகொண்டிருந்தது விருந்தாளி.

முருங்கைக் கிளையை நம்பி ஏறக்கூடாது என்று பச்சைக்குழந்தைக்கும் தெரியும். மானம் போகிற அவசரத்தில் ரவிக்குமாருக்கு மறந்துவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டி ஏறினான். வாலைப் பிடித்தால் கழன்றுவிடும் என்று யஷ்வந்த் எப்போதோ சொன்னது ஞாபகம் வர, உடம்போடு சேர்த்து அணைத்தான். அது வாலைச் சுழற்றிக் கன்னத்தில் ஒன்று வைத்தது. கிளை சடக்கென்று ஒடிந்தது. அவனும் ஓணானும் கீழே வந்தார்கள். வேட்டி மேலேயே தங்கிவிட்டது.

வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டவன் கதை எல்லாருக்கும் தெரியும். வேட்டியே இல்லாமல் ஓணானோடு நின்றவன் இவன் ஒருவன்தான். பட்டாபட்டி டிராயரோடு அவன் எழுந்து நிற்க, பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான். பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்று நின்றான். ஆனால் பிடியை மட்டும் விடவில்லை. தொலைத்த ஒன்று வாழ்க்கையில் முதன்முதலாக அவன் கைக்குத் திரும்பியிருந்தது.

முதலாளி வீட்டார் திருப்பதியிலிருந்து வந்ததும், கன்னத்தில் வால் தழும்பும் கையில் மாவுக்கட்டுமாகப் பீளமேட்டு பங்களாவில் கூண்டை இறக்கினான்.

"இந்தாங்கம்மா. நீங்க குடுத்தபடியே கொண்டாந்துட்டேனுங்க."

ரங்கம்மாள் கூண்டைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். சோபாவில் சாய்ந்தார். அவர் கண்ணில் நீர் கட்டியது. அதைப் பார்த்ததும் ரவிக்குமாருக்குப் பட்ட அவமானமெல்லாம் கழுவிவிட்டது போலிருந்தது.

கேட்டருகே காரைத் துடைத்துக்கொண்டிருந்த டிரைவர் அக்பர் அலியிடம் வாய்விட்டே சொன்னான். "பாத்தீங்களாண்ணா? அம்மாவுக்குக் கண்ணே கலங்கிப்போச்சு."

அக்பர் அலி துணியைப் பிழிந்து உதறினார்.

"பின்ன கலங்காதுங்களா? அந்த ஓணானைக் கண்டாலே அம்மாவுக்கு ஆகாது. தூக்கி எறிஞ்சா பையன் கோவிச்சுக்குவான். மில்லுல அத்தன பேர் இருக்க அதை உங்ககிட்டக் குடுத்ததே, எப்படியும் தொலைச்சுப்போடுவீங்கன்னு நம்பித்தானுங்க."