அக்காரா சுற்றிய ஐந்தெழுத்து நோட்டுகள்

கலபார்,
ஜூலை மாதம், விடாத மழை

அன்புள்ள எடெம் தம்பிக்கு,

அண்ணி எக்கானெம் எழுதிக்கொள்வது. இங்கே நானும் ஒழுகுகிற கூரையும் கர்த்தர் கிருபையில் இருக்கிறோம். லாகோஸில் நீங்களும் பிள்ளைகளும் சுகமாக இருக்க ஞாயிறுதோறும் முழங்கால் போடுகிறேன்.

உங்கள் கடிதம் வந்தது. அண்ணனுடைய இருபத்துமூன்று நோட்டுகளும் குடும்பச் சொத்து, அடுத்த மாதம் எனக்கு ஸ்கிராபிள் போட்டி இருக்கிறது, சனிக்கிழமை வண்டி அனுப்புகிறேன், எடுத்து வையுங்கள் என்று எழுதியிருந்தீர்கள். எடுத்து வைக்க ஒன்றும் இல்லை தம்பி. எல்லாம் நான் விற்கிற அக்காரா வடையைச் சுற்றக் கிழித்தாயிற்று.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அண்ணன் ஆர்ச்சிபாங் துறைமுக வேலை முடிந்து வந்தால் நோட்டும் கையுமாக உட்காருவார். ஆங்கிலத்தில் ஐந்து எழுத்து வார்த்தைகள் மட்டும்தான் எழுதுவார். எக்ஸ் வருவதெல்லாம் ஒரு பக்கம், இசட் வருவதெல்லாம் ஒரு பக்கம், கியூ வந்து யூ வராதது ஒரு பக்கம். நம்ம எஃபிக் பாஷையில் இந்த மூன்று எழுத்துமே கிடையாது. வராத விருந்தாளிக்கு இந்த மனுஷன் ஏன் பாய் விரிக்கிறார் என்று நினைப்பேன். "இதுக்கெல்லாம் என்ன அர்த்தம்?"னு ஒரு நாள் கேட்டேன். "அர்த்தம் எதுக்குடி? பலகையில வச்சா புள்ளி வரும், அது போதும்"னார். மத்தவங்க ஏழெழுத்துக்கு அலைவாங்களாம், இவர் ஐந்தெழுத்திலேயே ஆளை முடிச்சிடுவாராம். பதினாறு வருஷத்தில் என்னோடு பேசின வார்த்தையை விட அந்த நோட்டில் எழுதின வார்த்தைதான் அதிகம். அடக்கத்தன்று அவருடைய ஸ்கிராபிள் கிளப்புக்காரர்கள் சவப்பெட்டி மேல் ஐந்து எழுத்துக் கட்டைகளை அடுக்கியதும், "அப்படி ஒரு வார்த்தையே கிடையாது"னு ஒருத்தர் ஆட்சேபித்ததும், அகராதி வருகிறவரை பாஸ்டர் ஜெபத்தை நிறுத்தி வைத்ததும் நீங்களே பார்த்ததுதான்.

அவர் போன இரண்டாம் மாதம். மழையில் பழைய பேப்பர்காரன் வரவில்லை. எண்ணெய் காய்ந்துவிட்டது, காராமணி மாவு தயார், எதிரே ஜனம் நிற்கிறது, அக்காராவைச் சுற்றித் தர ஒரு துண்டுக் காகிதம் இல்லை. உள்ளே போய் அவருடைய நோட்டுப் பெட்டியைத் திறந்தேன். கோபமா துக்கமா, எனக்கே தெரியவில்லை. கிழித்தேன்.

மூன்றாம் நாள், கிளப்பில் ஆடுகிற ஆட்டோக்காரன் நிசிகாக் பொட்டலத்தைப் பிரித்தவன் அப்படியே நின்றுவிட்டான். "அக்கா! இது அண்ணன் கையெழுத்துல்ல? எக்ஸ் பக்கம்!" அவ்வளவுதான், மறுநாள் மொத்தக் கிளப்பும் என் அடுப்பைச் சுற்றி நின்றது. "எனக்கு இசட் பக்கத்துல நாலு", "எனக்குக் கியூவுல ஆறு" என்று கேட்கிறார்கள், சட்னி உண்டா என்று ஒருத்தர் கேட்கவில்லை. "இந்தப் பக்கம் ஏற்கெனவே வந்துடுச்சு, மாத்திக் குடுங்க"ன்னு ஒருத்தன். "அக்காராவை வேணா மாத்தறேன், பேப்பரை மாத்த முடியாது, போ"ன்னேன். கியூ பக்கம் கிடைக்கிறவரை நிசிகாக் ஒரே காலையில் பதினாலு தின்றான். சாயங்காலம் அவன் பெண்டாட்டி வந்து, "என் புருஷனுக்கு என்னத்தைக் குடுத்தே? ஆட்டோ சீட்டுல உருள்றான்"னு சண்டை. கிளப்பில் ஆடுகிற ஒரே பொம்பளை ஆத்திம். அவள், "மண்டையில ஏறலைன்னா வயித்து வழியா ஏத்தப் பாக்கறான், விடுங்கக்கா"ன்னு நிசிகாக் பெண்டாட்டியைச் சமாதானம் பண்ணி அனுப்பினாள்.

இப்படியாக இருபத்துமூன்று நோட்டும் போயிற்று. ஆகையால் வண்டிக்கு வீணாகப் பெட்ரோல் போட வேண்டாம். உங்கள் வீட்டுக்காரிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. கர்த்தர் உங்கள் வாசலைக் காப்பாராக.

இப்படிக்கு,
அண்ணி எக்கானெம்

பின்குறிப்பு: கர்த்தர் பேரை எழுதின காகிதத்தில் பொய்யை வைத்து அனுப்ப மனசு வரவில்லை. கிழித்தது நிஜம், போனது நிஜமில்லை. போன வாரம் ஆத்திம் ஒரு எண்ணெய்ப் பக்கத்தோடு வந்து, "அக்கா, இதைப் படிச்சுட்டா கிழிச்சீங்க?"ன்னா. "இங்கிலீஷ் எனக்கெங்கே வரும்?"னேன். "கடைசி வரி எஃபிக்தான்"ன்னா. எல்லாப் பக்கத்தின் அடியிலும் ஒரு வரி இருக்கிறது தம்பி. அந்தப் பக்கத்து வார்த்தைகள் மறக்காமல் இருக்க, அன்றைக்கு வீட்டில் நடந்த ஒன்றை அதோடு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார். அது அவர் மனப்பாடம் பண்ணுகிற முறையாம். "எக்கானெம் கால் சுளுக்கிக்கொண்டாள்" என்று ஒரு பக்கத்தில். "எக்கானெம் பக்கத்து வீட்டுக்காரியைப் போல் நடித்துக் காட்டினாள்" என்று இன்னொன்றில். பதினாறு வருஷமும் இருக்கிறது.

விஷயம் தெரிந்ததும் கிளப்புக்காரர்கள் வார்த்தைகளை மட்டும் எழுதிக்கொண்டு பக்கத்தையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மரவள்ளிப் பசை போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். உங்களுக்கு வார்த்தை வேண்டுமென்றால் நேரில் வந்து அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள், அக்காராவும் தருகிறேன். நோட்டைத் தர மாட்டேன். கியூ பக்கத்தின் அடியில், "இன்று எக்கானெம் வைத்த கீரைச் சூப்பில் உப்பு அதிகம், சொல்லவில்லை" என்று எழுதியிருக்கிறார். அந்தச் சூப்பை நானும்தான் குடித்தேன். உப்பு சரியாகத்தான் இருந்தது. இதைப் பற்றி உங்கள் அண்ணனிடம் எனக்கு இன்னும் நிறையப் பேச வேண்டியிருக்கிறது.